செம்பனை வரை

மலேசியாவில், லாபு பக்கத்துத் தோட்டத் தமிழ்ப்பள்ளியில் ஏழு மாணவர்கள்தான். ஏழு பேரும் எல்லாப் பாடத்திலும் தேறியவர்கள். ஆனாலும் பள்ளியை மூடப் போவதாகச் சொல்ல அதிகாரி புனிதன் வந்திருந்தார்.

"பிள்ளைங்க இல்லையே டீச்சர், என்ன செய்ய?"

தலைமையாசிரியை குமுதவல்லிக்குக் கோபம் பொங்கியது. "தோட்டத்த வித்து, லயத்த இடிச்சு, சனங்கள விரட்டுனாங்களே, அப்ப எங்க சார் இருந்தீங்க? இப்ப வந்து பிள்ளைங்க எங்கன்னு என்னையக் கேக்குறீங்க! இருக்கிறவங்க மார்க்கையாச்சும் பாருங்கலா!"

புனிதன் எழுந்து கதவைத் திறந்தார்; அப்படியே நின்றுவிட்டார். வராந்தா முழுக்க வெள்ளைச் சப்பாத்துகள் ஜோடி ஜோடியாகக் கிடந்தன. திடலைத் தாண்டிச் செம்பனை மரங்கள் வரை கிடந்தன. எல்லாம் சின்னக் கால்களுக்கானவை. அவற்றில் ஒட்டியிருந்த செம்மண்ணின் ஈரம்கூடக் காயவில்லை. வகுப்பிலிருந்த ஏழு பிள்ளைகளும் சப்பாத்து போட்டுத்தான் உட்கார்ந்திருந்தார்கள்.

குமுதவல்லியின் கோபம் தணியவில்லை.

"பிள்ளைங்க இல்லேன்னீங்களே, பாத்துப் போங்க சார். ஒண்ணையும் மிதிச்சிடாதீங்க."