ஆனந்தி டீச்சர் எழுதிய எட்டுப் பெயர்கள்

"எட்டுப் பேரும் எப்படி பாய் பாஸானாங்க?"

பேகம்பூரில் கிதர் முகம்மதுவின் டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டுக்குள் நுழைந்ததும் நுழையாததுமாக ஆனந்தி டீச்சர் இதைத்தான் கேட்டாள். பிள்ளைகள் பாஸாகிவிட்டார்களே என்று வருத்தப்படும் டீச்சரை அவர் அன்றுதான் பார்த்தார். உட்காரச் சொல்லி டீ வரவழைத்தார்.

அவள் கவலைக்குக் காரணம் இருந்தது. அகரம் பக்கத்துப் பள்ளி ஒன்றில் வேலை பார்த்துக்கொண்டே எம்.எட். படிக்கிறாள். யாருக்கு டைப்பிங் வரும், யாருக்கு வராது என்று முன்கூட்டியே சொல்ல முடியுமா என்பதுதான் அவளுடைய ஆய்வு. பிளஸ் ஒன் பிள்ளைகள் இருபது பேருக்குச் சோதனை வைத்தாள். ஒரு நிமிடத்தில் பென்சிலால் எத்தனை புள்ளி வைக்கிறார்கள், இங்கிலீஷில் எத்தனை பிழை விடுகிறார்கள் என்றெல்லாம் பார்த்து, பன்னிரண்டு பேர் தேறுவார்கள், எட்டுப் பேர் தேறமாட்டார்கள் என்று முடிவு கட்டினாள். பிறகு இருபது பேரையும் கிதர் முகம்மதுவிடம் சேர்த்துவிட்டாள். தேறாதவர்கள் என்று நினைத்த எட்டுப் பெயர்களையும் ஒரு தாளில் எழுதி, சாட்சிக்கு இருக்கட்டும் என்று அவரிடமே கொடுத்து வைத்தாள். பிள்ளைகளுக்குத் தெரியவே கூடாது என்று இரண்டு தடவை சொல்லியிருந்தாள்.

பிப்ரவரியில் டைப்பிங்கின் முதல் நிலையான லோயர் பரீட்சை நடந்து, இப்போது முடிவு வந்திருந்தது. பன்னிரண்டு பேரில் மூன்று பேர் ஃபெயில். எட்டுப் பேரில் ஒருவர்கூட ஃபெயிலாகவில்லை. அதிலும் பானுப்ரியா முதல் வகுப்பு. சோதனையன்று எல்லோரையும்விடக் குறைவாகப் புள்ளி வைத்தவள் அவள். விடியுமுன்னே தோட்டத்தில் பூவெடுத்துவிட்டு வந்த விரல்கள் பென்சிலுக்கு வளையவில்லை. அவள் பெயரை அந்தத் தாளில் எழுதும்போது ஆனந்திக்கு மனசே கேட்கவில்லை. ஆனாலும் சோதனை சொன்னதைத்தானே எழுத முடியும்?

"இம்புட்டும் தப்பாப் போனா, கைடு மூஞ்சில எப்படி பாய் முழிப்பேன்?" என்றவள், சட்டென்று சந்தேகம் வந்து அவரைப் பார்த்தாள். "புள்ளைககிட்ட எதுவும் சொல்லிட்டீங்களா?"

"தேறமாட்டாங்கன்னு நீங்க சொன்னத நான் ஒருத்தர்கிட்டயும் மூச்சு விடல டீச்சர்" என்றார் அவர் நிதானமாக.

அந்த நேரம் பார்த்து, ஹையர் வகுப்பில் சேருவதற்காக பானுப்ரியா வந்தாள். டீச்சரைக் கண்டதும் அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

"டீச்சர், உங்ககிட்டச் சொல்லக் கூடாதுன்னு பாய் சொல்லியிருந்தாரு. இனிமே என்ன, சொல்லிடறேன். இருபது பேர்ல கண்டிப்பா தேறுவாங்கன்னு நீங்க எழுதிக் குடுத்தது எங்க எட்டுப் பேரை மட்டுந்தானாமே? உங்க பேச்சு பொய்யாகிடக் கூடாதுன்னுதான் டீச்சர், தெனமும் வெள்ளனா மொத வண்டியப் புடிச்சு ஓடியாந்தோம்."

கிதர் முகம்மது ஒரு மெஷினுக்கு ரிப்பன் மாட்டுவதில் மும்முரமாகிவிட்டார்.

ஆனந்தி எழுந்து போய், பானுவின் விரல்களைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டாள்.

"ஆமா பானு, உங்க எட்டுப் பேரைத்தான் எழுதிக் குடுத்தேன்."