கடைக்குட்டி நோவும் ஒரு தலைப்பாகையும்

இத்தாலிய மொழியில் 'பாடுகிறார்கள்' என்று பொருள்படும் வினைச்சொல் ஒன்றுக்குள் மூன்று அசைகள் குடியிருந்தன. மூத்தவன் கான், நடுவில் தா, கடைக்குட்டி நோ. மூவருக்கும் சேர்த்து ஒரே தலைப்பாகை. அழுத்தம் என்று அதற்குப் பெயர். கட்டியவன் குரல்தான் ஓங்கி ஒலிக்கும். அதை கான் கழற்றியதே இல்லை.

நோவுக்கு வயிறு எரிந்தது. "ஆயுசு பூரா நான் முணுமுணுக்கணுமா?" என்று பாட்டைப் பாதியில் விட்டுக் கிளம்பினான். 'பாடுவேன்' என்று பொருள்படும் பக்கத்துச் சொல்லில் தலைப்பாகை கடைசி அசைக்குத்தானாம்!

உண்மைதான். அங்கே கடைசியில் நின்ற ரோ, தலைப்பாகைமேல் சாய்வாக ஓர் இறகும் செருகி, மாப்பிள்ளை மாதிரி இருந்தான்.

"கொடுத்து வச்சவர்ண்ணே நீங்க! ஒரு பாட்டு எடுத்து விடுங்க," என்றான் நோ.

"பாடுவேன்," என்றான் ரோ கம்பீரமாக.

நோ சம்மணம் போட்டு உட்கார்ந்தான். மத்தியானம் ஆயிற்று. "அண்ணே, பாட்டு?"

"அதான் பாடுவேன்னு சொல்றேனே!"

சாயங்காலம்வரை அதே பதில்தான். கால் மரத்துப்போய் நோ வீடு திரும்பினான். வாசலிலேயே கானும் தாவும் பிடித்துக்கொண்டார்கள்.

"எங்கேடா போனே? நீ இல்லாம பாட்டு அந்தரத்துல நிக்குது. ம், பாடு!"

நோ நெஞ்சை நிமிர்த்தினான். இல்லாத தலைப்பாகையை ஒரு தடவை சரிசெய்துகொண்டான்.

"பாடுவேன்," என்றான்.