ஒளிவுமறைவில்லாத அறை

தட்டுவதற்குக் கதவு இல்லாததால் குன்வோர் நிலைச்சட்டத்தைத் தட்டினாள்.

தலைமையாசிரியர் ஹோகன் நிமிர்ந்து பார்த்துச் சிரித்தார். மலை விடுதியில் நடந்த தலைமைப் பண்புப் பயிற்சியில் கற்றுவந்த சிரிப்பு அது. போகும்போது அவரிடம் அது இல்லை.

திரும்பி வந்த மறுநாளே ஆளை அழைத்துத் தன் அறைக் கதவைக் கழற்றச் சொன்னார். இனி நமக்குள் சுவர் இல்லை என்று அறிவித்தார். சுவர்கள் அப்படியேதான் நின்றன. கதவுதான் போனது.

ஆசிரியர்கள் எழுந்து நின்று கை தட்டினார்கள்.

அதே ஆசிரியர்கள் இப்போது அறைக்கு வெளியே பொது மேசையைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். காபி இடைவேளை. பனிக்காலணிகள் வாசலில் கிடந்தன. மேசைக்கு அடியில் வரிசையாகக் கம்பளிக் காலுறைகள்.

“கொஞ்சம் வெளிய நடந்துட்டே பேசலாமா?” குன்வோர் குரலைத் தாழ்த்திக் கேட்டாள்.

விஷயம் என்னவென்று ஹோகனுக்குப் புரிந்துவிட்டது, அல்லது அப்படி நினைத்துக்கொண்டார். வேதியியல் கூடத்தில் புகை இழுக்கும் விசிறி ஓடவில்லை. இரண்டு குளிர்காலமாக அவள் அதைச் சொல்லிக்கொண்டிருக்கிறாள். இன்னொரு முறையும் அக்கறையாகக் கேட்டுக்கொள்ளலாம். மேசையில் இருப்பவர்கள் பார்க்கும்படி கேட்டுக்கொண்டால் இன்னும் நல்லது. செலவில்லாத காரியம்.

“எதுக்கு வெளிய? இங்கயே சொல்லுங்க. ஒளிச்சுப் பேச நம்மகிட்ட ஒண்ணுமே கிடையாது.”

அவள் உள்ளே இரண்டடி வந்து, மேசைப் பக்கம் முதுகைக் காட்டி நின்று, மெதுவாகத் தொடங்கினாள்.

ஹோகன் காதருகே கையைக் குவித்தார். அவர் கண்கள் அவள் தோளைத் தாண்டி மேசையைப் பார்த்தன.

“கேக்கலையே, குன்வோர். சத்தமா! அவங்களுக்கும் கேக்கட்டும்.”

அவள் அவரை ஒரு கணம் பார்த்தாள். அவர் மானத்தைக் காப்பாற்றத்தான் இவ்வளவு பாடுபட்டாள். அவருக்கே வேண்டாமென்றால் அவளுக்கென்ன வந்தது?

“போன வாரம் உங்க கார்ல வரும்போது கேட்டீங்களே. கல்விக் குழுத் தலைவர் பையனுக்கு வேதியியல்ல பாஸ் போடச் சொல்லி. அதுக்குத்தான் பதில் சொல்ல வந்தேன். போட மாட்டேன்.”

கடைசி வரிசைப் பையன்களைத் தூக்கத்திலிருந்து எழுப்பிப் பழகிய குரல். தாழ்வாரம் வரைக்கும் போனது.

அன்று குளிரில் அவள் கார் கிளம்பவில்லை. அவராக வந்து ஏற்றிக்கொண்டார். நகரத்தில் கட்டிக்கொண்டிருக்கும் பெரிய பள்ளியைப் பற்றிப் பேசினார். அதற்குத் தலைமையாசிரியரைத் தேர்ந்தெடுப்பது கல்விக் குழு. பிறகு பையனைப் பற்றிப் பேசினார். ஆண்டு முழுக்க ஒரு சோதனைக் குழாயைக்கூடக் கையில் எடுக்காத பையன். வீடு வரும்வரை அவள் வாயைத் திறக்கவில்லை.

அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டார். வாய் திறக்காதவர்களின் தோளில் ஏறியே இந்த நாற்காலிக்கு வந்தவர். மௌனத்துக்கு வேறு அர்த்தமும் உண்டென்று அவருக்கு யாரும் சொல்லித்தரவில்லை.

மேசையில் கரண்டிச் சத்தம் நின்றது.

ஹோகனின் சிரிப்பு மட்டும் முகத்திலேயே இருந்தது. அதை எப்படிக் கீழே இறக்குவது என்று பயிற்சியில் சொல்லியிருக்க மாட்டார்கள்.

“அருமை,” என்றார் கடைசியில். “இந்த வெளிப்படைத்தன்மையைத்தான் நான் எதிர்பார்த்தேன்.”

சொல்லிவிட்டு, அணைந்து கிடந்த கணினித் திரையைப் பார்த்து மும்முரமாகத் தட்டச்சு செய்யத் தொடங்கினார்.

குன்வோர் வெளியே வந்தாள். நெஞ்சு லேசாக இருந்தது. இனி அவள் தனியாள் இல்லை. எல்லோரும் கேட்டுவிட்டார்கள். முதலில் தூர்வால்ட் எழுந்திருப்பான் என்று நினைத்தாள். கணக்கு ஆசிரியர், ஆசிரியர் சங்கத்தின் பிரதிநிதி. தலைமையாசிரியர் இல்லாத இடத்திலெல்லாம் அவரைக் கிழித்துத் தோரணம் கட்டுபவன்.

தூர்வால்ட் எழுந்திருக்கவில்லை.

எழுந்தவள் மார்கிட் ஒருத்திதான். ஸ்வீடிஷ் மொழி ஆசிரியை. குன்வோரின் பிள்ளைகளுக்கு ஞானத்தாய். வந்து குன்வோரின் ஸ்வெட்டர் கையைப் பிடித்துக் காபி இயந்திரத்தின் பக்கம் இழுத்துக்கொண்டு போனாள்.

“அறிவிருக்காடி உனக்கு? ஊருக்கே கேக்குற மாதிரி கத்தணுமா?”

“நான் என்னடி தப்பாச் சொன்னேன்?”

“எல்லாப் பாடத்துலயும் பாஸாம், வேதியியல்ல மட்டும் ஃபெயிலாம். நாளைக்கு எவனாவது அதைக் கிளறினா, மாத்திப் போட்ட நாங்க எங்க போய் நிக்கிறது?”

அது குன்வோரின் காதில் விழுந்து, பிறகு மெதுவாகத்தான் உள்ளே இறங்கியது. அவள் மேசையைத் திரும்பிப் பார்த்தாள். கணக்கு. வரலாறு. இயற்பியல். ஆங்கிலம். ஒருவரும் தலை நிமிரவில்லை.

“நீயுமா?” என்றாள்.

மார்கிட்டுக்கு முகம் சிவந்தது. பிடித்திருந்த கையை உதறினாள்.

“என்னை ஏன் முறைக்கிற? என்னையாவது அவரு கார்ல ஏத்திக் கெஞ்சினாரு.” மோவாயால் தூர்வால்டைக் காட்டினாள். “அதோ உக்காந்திருக்கானே உங்க சங்கத்துச் சிங்கம். அவனை யாரும் கேக்கவே இல்ல. அவனாப் போய், ‘கணக்குல எவ்வளவு வேணும்’னு கேட்டுட்டு வந்தான்.”

அவள் குரலும் இப்போது தாழ்வாரம் வரைக்கும் போயிருந்தது.

தூர்வால்ட் தலை தூக்கவில்லை. தட்டில் உதிர்ந்து கிடந்த சர்க்கரைத் துகள்களை விரல் நுனியால் ஒவ்வொன்றாக ஒற்றியெடுத்துத் தின்றுகொண்டிருந்தான்.