பிக்கொலித்

அவள் திராட்சைக் குலையைத் தூக்கிப் பார்த்தாள். வெட்டவில்லை.

நீளக் காம்பு. அதில் எட்டோ ஒன்பதோ பச்சைக் காய்கள். மற்ற இடமெல்லாம் பூவிலேயே கருகிப்போன வெறும் நரம்பு.

"அதையும் வெட்டு," என்றான் வாகீசன். "சொத்தைக் கொடி. ஒண்டும் தங்கேல்லை."

அந்தச் சொல் அவளுக்குப் பழக்கம்.

கோண்டாவிலில் இருந்து மாமி போன் எடுக்கும்போதெல்லாம் அவன் பக்கத்து அறைக்குப் போய்ச் சொல்வது அதைத்தான். "இவளுக்குத் தங்குதில்லை, அம்மா." மூன்றாவது கருவும் கலைந்துபோய் இன்னும் ஒரு மாதம் ஆகவில்லை. சுவர் மெல்லியது என்று அந்த மனுசனுக்கு இதுவரை தெரியாது.

அவன் வெட்டிக்கொண்டே போனான்.

இலை கிள்ளச் சொல்லித்தான் புரூனோ இருவரையும் இந்த வரிசையில் விட்டிருந்தார். தோட்டம் அவருடையது. ஆனால் இலையோடு நிற்பானா வாகீசன்? அப்பாவின் திராட்சைப் பந்தலுக்குக் கீழே வளர்ந்தவன். ஊரில் காய் பிடிக்காத குலையை விட்டு வைக்க மாட்டார்கள். அதை வெட்டினால்தான் மற்றது கொழுக்கும். இத்தாலிக்காரருக்கு இதுகூடத் தெரியவில்லையே என்று அவனுக்குச் சிரிப்பு வேறு.

புரூனோ வந்தபோது பாதி வரிசை நிலத்தில் கிடந்தது.

கத்துவார் என்று அவள் நினைத்தாள். கிழவர் கத்தவில்லை. முழங்காலில் இருந்து, குலைகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கித் தொப்பிக்குள் போட்டார். இனி அவற்றால் ஒன்றும் ஆகாது. அவருக்கும் தெரியும்.

பிறகு கொடியில் கைவைத்துக்கொண்டு மெதுவாகப் பேசினார்.

வாகீசன் முகம் கறுத்துப்போய், வழக்கம்போல அவளுக்குத் தமிழில் சொன்னான். ஆஸ்பத்திரியிலும் டொக்டர் சொன்னதையெல்லாம் அவன்தான் சொன்னவன். தையல் வகுப்பில் இத்தாலிப் பெண்களோடு வாயடித்து அவள் பாஷை பிடித்துக்கொண்டது அவனுக்குத் தெரியாது. அவன் கேட்டதுமில்லை.

"பிக்கொலித் எண்டால் இப்பிடித்தானாம். பூ நிறையப் பூக்குமாம். முக்கால்வாசி கொட்டுண்டு போயிடுமாம். நிக்கிற காய் தேனாம். அதைப் பிழிஞ்சுதான் அந்த விலை கூடின வெள்ளை வைன் செய்யிறவையாம்."

அவ்வளவுதான். நிறுத்திவிட்டான்.

கிழவர் இன்னொன்றும் சொல்லியிருந்தார். கொட்டுவது கொடியின் பிழையில்லை, அதற்காக யாரும் அதைக் குறை சொல்லக் கூடாது என்று. இரண்டு தரம் சொன்னார்.

வாகீசன் கத்தரியைத் துடைத்துப் பைக்குள் வைத்தான். அவள் பக்கம் திரும்பவில்லை.

"இஞ்சருங்கோ," என்றாள் அவள். "கடைசியாச் சொன்னதையும் சொல்லுங்கோ."