நூறு வருடத்துக் கத்தி

"இது என்ன ஸ்டீல்? பார்த்துச் சொல்லுங்க."

பழங்காலக் கத்திகள் விற்கும் கடை. முதலாளி மேசை மேல் ஒரு மடக்குக் கத்தியை வைத்தார். அலகில் இருந்த முத்திரை தேய்ந்து போயிருந்தது. மதிப்பீட்டாளர் வேலை ஒன்று. வந்திருந்தவர்கள் இரண்டு பேர்.

முதலில் கோட்டுக்காரர். கத்தியை வெளிச்சத்தில் திருப்பினார், நகத்தால் சுண்டினார், காதருகே வைத்தார், முகர்ந்தும் பார்த்தார். நக்கிப் பார்க்காததுதான் பாக்கி.

"சந்தேகமே இல்ல சார். நூறு வருஷத்துக் கார்பன் ஸ்டீல். இந்தச் சாம்பல் நிறம் ஒண்ணே போதும். இனிமே இப்படிச் செய்ய ஆளே கிடையாது."

முதலாளியின் முகம் மலர்ந்தது.

அடுத்து அவள். ஸ்பிரிங் ஆலையின் சோதனைக்கூடத்தில் பத்து வருடம் எஃகோடு மல்லுக்கட்டியவள். தேறாத சரக்கைத் தேறாது என்று எழுதிக் கொடுத்து, வேலை போய் எட்டு மாதம் ஆகிறது. அன்றிலிருந்து அண்ணன் வீட்டுச் சோறுதான்.

"யதார்த்தவாதி வெகுஜன விரோதி. இன்னைக்காவது வாயை வெச்சுக்கிட்டு சும்மா இரு" என்று அண்ணன் காலையிலேயே சொல்லி அனுப்பியிருந்தான்.

அலகில் கைப்பிடியோரம் அந்தச் சாம்பல் நிறத்தைக் கொஞ்சம் தேய்த்து எடுத்தாள். பையிலிருந்த குப்பியைத் திறந்து, அந்த இடத்தில் எலுமிச்சைச் சாறு ஒரு சொட்டு விட்டாள். பத்து நிமிடம் காத்திருந்தாள்.

"கார்பன் ஸ்டீல்னா இந்நேரம் கறுத்திருக்கும் சார். இது ஸ்டெயின்லெஸ் ஸ்டீல். புதுசு. சாம்பல் நிறம் மேல ஏத்தினது."

கோட்டுக்காரர் சிரித்தார். "அம்மா, இது கத்திக் கடை. ஜூஸ் கடை இல்ல."

"உங்களுக்கு இந்த வேலை வேணுமா, வேணாமா?" என்றார் முதலாளி.

"ரொம்ப வேணும் சார். ஆனா இது கார்பன் ஸ்டீல் இல்ல."

முதலாளி கோட்டுக்காரரின் கையைப் பிடித்துக் குலுக்கினார். "நீங்க நாளைக்கே வந்துடுங்க."

வாயுள்ள பிள்ளை பிழைத்துக்கொண்டு படியிறங்கியது.

அவளும் பையை எடுத்தாள். அண்ணியிடம் என்ன சொல்வது என்று நினைத்தபோது அழுகை முட்டியது.

"நீங்க இருங்கம்மா."

கதவைச் சாத்திவிட்டு, முதலாளி இழுப்பறையிலிருந்து ஒரு துணிக்கட்டை எடுத்துப் பிரித்தார். உள்ளே ஆறு கத்திகள்.

"ஒருத்தன் இதை என் தலையில கட்டப் பார்க்கிறான். எது அசல், எது போலின்னு சொல்லுங்க. நாளையிலிருந்து நீங்களும் வந்துடுங்க."

"வேலைக்கு அவரைத்தானே சார் எடுத்தீங்க?"

முதலாளி குரலைத் தாழ்த்தினார்.

"விக்கிற கத்திக்கு அவரு. வாங்குற கத்திக்கு நீங்க."