என்னத்துக்கு உந்த விலை?

“உதென்ன அநியாயம் தம்பி? போனமுறை மூவாயிரம் எண்டு தந்தனீர். இண்டைக்கு நாலாயிரமோ?”

தம்பிராசா பெட்டியைக் கண்ணாடி மேசையில் பொத்தென்று வைத்தார். சாவகச்சேரிச் சந்தைக்குப் பக்கத்தில் போன் கவரும் சார்ஜரும் பாட்டு சீடியும் விற்கிற சின்னக் கடை. கடைக்காரன் றஞ்சித் சிரித்த முகம் மாறாமல் நின்றான்.

பெட்டிக்குள் இருந்தது ஒரு தொலைக்காட்சித் தொடர். யாழ்ப்பாணத்துப் பிள்ளைகளே சேர்ந்து எடுத்தது. உள்ளூர் கேபிளில் கொஞ்ச நாள் போட்டார்கள், பிறகு நிற்பாட்டிவிட்டார்கள். முழுக்கதையும் பார்க்க வேண்டுமென்றால் இந்த டிவிடிப் பெட்டிதான் ஒரே வழி.

தட்டுகள் எல்லாம் சேர்ந்து ஐந்நூறு ரூபாய்கூடப் பெறாது, மிச்சம் ஆரின் மடிக்குள் போகிறது என்று தம்பிராசா கேட்டார். வெளிநாட்டுச் சனத்தைக் கண்டு விலையை ஏற்றிப் பழகி, இப்போது உள்ளூர்ச் சனத்தையும் உரிக்கிறீர்கள் என்றார். பக்கத்தில் போன் திருத்த நின்ற இரண்டு பேர், மனுசன் சொல்வது சரிதான் என்று தலையாட்டினார்கள்.

றஞ்சித் அவருக்கு விளங்குகிற மாதிரிச் சொன்னான்.

“ஐயா தோட்டக்காரர்தானே. ஒரு லொறி பிடிச்சு ரெண்டு மூட்டை வெங்காயத்தைத் தம்புள்ளைச் சந்தைக்கு அனுப்பினால், லொறிக் கூலி முழுக்க அந்த ரெண்டு மூட்டையின்ரை தலையிலைதானே? உதுவும் அப்பிடித்தான். நடிச்ச ஆக்கள், கமெரா, பாட்டு, பெட்டி அச்சடிச்ச காசு எல்லாம் கொஞ்சப் பெட்டியின்ரை தலையிலை விழுகுது. அதோடை பெட்டியும் முடியப் போகுது. முடிய முடிய விலை ஏறும்.”

“முடியுதோ?” தம்பிராசாவின் முகத்தில் வெளிச்சம் வந்தது. “எத்தினை கிடக்கு?”

“அஞ்சு.”

“அஞ்சையும் கட்டும்.”

தலையாட்டிய இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள்.

கனடாவில் இருக்கிற சொந்தக்காரருக்கு அனுப்ப என்றுதான் தம்பிராசா ஒவ்வொரு முறையும் சொல்வார். தோட்டக்காரர் என்பதற்கு மேல் தம்பிராசா ஆர், எந்த ஊர் என்று அங்கே ஒருவருக்கும் தெரியாது. வாய் ஓயாமல் பேசினாலும் கலையை மதிக்கிற மனுசன் என்று றஞ்சித் நினைத்துக்கொண்டான்.

கலையை மதிக்கிற மனுசன் புத்தூரில் பஸ்ஸால் இறங்கி, வீட்டுக்குள்ளும் போகாமல் நேரே தோட்டத்துக்குப் போனார். வாழைச்சருகைக் குவித்து, அஞ்சு பெட்டியையும் மேலே போட்டு, மண்ணெண்ணெய் ஊற்றி நெருப்பு வைத்தார். டிவிடிகள் சுருண்டு உருகி நாறின. கிணற்றடியில் நின்ற அவரின் மனுசி பராசக்தி மூக்கைப் பொத்திக்கொண்டு, இதென்ன மணம் என்று கேட்டா. பழைய மருந்துப் போத்தல் எரிக்கிறன் என்றார். அவ வாளியைக் கிணற்றுக்குள் இறக்கினா.

விசயம் இதுதான். அந்தத் தொடரை எழுதி நடித்திருப்பது ஆரணி. தம்பிராசாவின் ஒரே மகள்.

முதலில் வந்து சொன்னவன் தங்கச்சியின் மகன் சுபாஸ்கரன். மாமா, உங்களை ரீவியிலை காட்டுறாங்கள் என்று பகிடியாகத்தான் சொன்னான். அவன் வீட்டில் போயிருந்து பார்த்தால் அது பகிடி இல்லை. புருஷனிடம் அடிவாங்கி வீங்கின முகத்தோடு ஒரு பெட்டை தகப்பன் வீட்டுப் படலையில் வந்து நிற்கிறாள். தகப்பன் படலையைத் திறக்கவில்லை. “சனம் எழும்ப முதல் திரும்பிப் போ” என்கிறான். சால்வையை உதறித் தோளில் போடுகிற விதம்கூடத் தம்பிராசாதான். அந்தச் சொல்லும் அவர் ஒருநாள் விடியற்காலை தன் வாயால் சொன்ன அதே சொல்தான்.

அன்றைக்குப் போன ஆரணி பிறகு அந்தப் படலைக்கு வரவேயில்லை. புருஷனையும் விட்டுவிட்டு அரியாலையில் தனிய இருக்கிறாள் என்று கேள்வி.

தம்பிராசா கோயில் சபையில் பெரிய ஆள். ஊருக்குள் நாலு வீட்டில் அந்தப் பெட்டி இருந்தால் திருவிழாவில் எந்த முகத்தோடு முன்னுக்கு நிற்பது? யாழ்ப்பாணத்துக் கடைகளை முதலே துடைத்தாயிற்று. இப்போது சாவகச்சேரியும் முடிந்தது. அன்றைக்கு மனுசன் வயிறாரச் சாப்பிட்டார்.

அடுத்த மாதம், எங்கேனும் ஒன்றிரண்டு தப்பிக் கிடக்குமோ என்று ஒருக்கால் எட்டிப் பார்க்கப் போனார். கடை வாசலிலேயே கால் நின்றுவிட்டது.

தரையிலிருந்து முகடுவரை அதே பெட்டி. அறுநூறு ரூபாய் என்று மட்டையில் எழுதித் தொங்கவிட்டிருந்தது. சனம் நெருக்கிக்கொண்டு நின்று வாங்கியது.

“வாங்கோ ஐயா, உங்களைத்தான் பாத்துக்கொண்டு இருந்தனான்.” றஞ்சித் கதிரையை இழுத்துப் போட்டான்.

எல்லாக் கடையிலும் பெட்டி முடிஞ்சுது என்று கேள்விப்பட்டதும், தொடரை எழுதின அந்தப் பிள்ளைக்குத் துணிவு வந்துவிட்டதாம். பெட்டி விற்ற காசோடு கையில் கிடந்த காப்பையும் விற்றுப் போட்டு, ஒரேயடியாக ஆயிரம் பெட்டி அடித்தாளாம். இப்போது லொறி நிறைய வெங்காயம் ஐயா, அதுதான் விலை இறங்கிவிட்டது என்றான். புத்தூர், நீர்வேலிப் பக்கமிருந்தெல்லாம் சனம் வந்து வாங்குகிறதாம்.

தம்பிராசா குடிக்கத் தண்ணி கேட்டார்.

றஞ்சித் தண்ணியைக் கொடுத்துவிட்டு, ஒரு பெட்டியை எடுத்து அவர் மடியில் வைத்தான்.

“இதுக்குக் காசு வேண்டாம் ஐயா, அந்தப் பிள்ளை தந்தது. விலைக்குச் சண்டை பிடிச்சுப் பிடிச்சு ஒரு ஐயா எல்லாத்தையும் வாங்கிப் போறார் எண்டு சொன்னன். அழுதிட்டுது. உங்களைப் போல ஒரு ஆள் தனக்கு அப்பாவா வாய்ச்சிருந்தால், உந்தக் கதையை எழுத வேண்டியே வந்திருக்காதாம்.”