சனிக்கிழமை ஊர்சுற்றி

வெள்ளிக்கிழமை வந்துவிட்டால் சுப்ராயனுக்கு இருப்புக்கொள்ளாது. பையைத் தோளில் மாட்டிக்கொண்டு ரயிலேறிவிடுவான். போன வாரம் ஆம்ஸ்டர்டாம். அதற்கு முந்தின வாரம் பிரஸ்ஸல்ஸ். அதற்கும் முன்னால் ஃபிராங்க்ஃபர்ட்.

புதுச்சேரியிலிருந்து ஆறு மாதப் பயிற்சிக்காக பாரிஸ் காப்பீட்டு அலுவலகம் ஒன்றுக்கு வந்தவன். அப்பா பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர் என்பதால் பையன் பிறக்கும்போதே பிரெஞ்சுப் பிரஜை. லா சப்பல் பகுதியில், பிலிப்-து-ஜிரார் தெருவில், ஓர் ஐந்தாம் மாடி அறையில், கிறிஸ்தோப்பருக்கு எதிர்க்கட்டிலை வாடகைக்குப் பிடித்திருந்தான்.

கிறிஸ்தோப்பர் மன்னார்க்காரர். இரவு முழுக்க உணவகத்தில் சட்டி கழுவிவிட்டுப் பகலில் தூங்குகிறவர். அகதி விண்ணப்பம் போட்டு மூன்று வருஷம் ஆகிறது, பதில் இல்லை. கையிலிருக்கும் தற்காலிகத் தாளை வைத்துக்கொண்டு பிரான்ஸ் எல்லையைத் தாண்ட முடியாது. இந்த லட்சணத்தில், ஞாயிற்றுக்கிழமை தவறாமல் எதிர்க்கட்டில் துரையின் பயணக் கதையை வேறு கேட்டாக வேண்டும்.

“பெல்ஜியத்துல ஒரு வாஃபிள் போடறான் அண்ணே, அடடா! ஸ்டேஷன் வாசல்லயே சுடச்சுட!”

“ஸ்டேஷனைத் தாண்டி ஏதும் பார்த்தனியோ?”

“அதுக்கெல்லாம் நேரம் எங்கண்ணே இருக்கு? நீங்க மூணு வருஷமா இங்கயே இருக்கீங்க, ஈஃபிள் கோபுரம்கூட ஏறலியாமே?”

“ஏறினால் மேலை விசா குடுப்பாங்களோ?”

சுப்ராயன் விழுந்து விழுந்து சிரித்தான். கிறிஸ்தோப்பர் போர்வையை இழுத்து முகத்தை மூடிக்கொண்டார். ஐரோப்பாவின் ரயில்வே மேடைகளைப் பார்த்துவிட்டு வந்து ஐரோப்பாவையே பார்த்ததாகப் பீற்றிக்கொள்ளும் மூடனுக்கு, கடவுள் எவ்வளவு நல்ல பாஸ்போர்ட்டைக் கொடுத்திருக்கிறார்!

கிறிஸ்தோப்பருடைய தம்பி பேனாட் கொலோனில் இருந்தான். அவனுடைய அகதி விண்ணப்பத்தை ஜெர்மன்காரன் இரண்டு முறை நிராகரித்துவிட்டான். மாதக் கடைசிக்குள் பாரிசுக்கு வந்து சேராவிட்டால் கொழும்புக்கு விமானம் ஏற்றிவிடுவார்கள். கொழும்பில் இறங்கினால் என்ன நடக்கும் என்று யாரும் அவருக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை.

பேனாட்டுக்கும் சுப்ராயனுக்கும் ஒரே வயது. ஒரே நிறம், ஒரே மீசை. மூக்கு மட்டும் கொஞ்சம் வேறு. எல்லைப் பொலிசுக்கு நம் பக்கத்து மூக்குகள் எல்லாம் ஒன்றுதான்.

அந்த வெள்ளிக்கிழமை மத்தியானம், சுப்ராயன் அலுவலகத்தில் இருந்த நேரம், கிறிஸ்தோப்பர் வெங்காயம் வெட்டும் கத்தியால் அவனுடைய சூட்கேஸ் பூட்டைத் திறந்தார். சட்டைகளுக்கு அடியில் பாஸ்போர்ட் இருந்தது. எடுத்துக்கொண்டு நேரே தபாலகத்துக்குப் போய், தம்பியின் பெயருக்குப் பதிவுத் தபாலில் அனுப்பினார். செவ்வாய்க்கிழமை கிடைத்துவிடும் என்றாள் தபாலகத்துப் பெண்.

பாவமாக இருக்கவில்லை. பிரெஞ்சுக்காரனுக்கு ஒன்று தொலைந்தால் பதினைந்து நாளில் இன்னொன்று கொடுப்பார்கள்.

மாலை ஆறு மணிக்கு சுப்ராயன் வந்தான். சூட்கேசைக் கிளறினான். மெத்தையைப் புரட்டினான். அலமாரிக்குப் பின்னால் கையை விட்டுத் துழாவினான்.

“அண்ணே, என் பாஸ்போர்ட்டைப் பார்த்தீங்களா?”

“நான் படுத்துக் கிடக்கிறன், எனக்கென்ன தெரியும்? அடையாள அட்டை இருக்குத்தானே? அதைக் காட்டிப்போட்டுப் போ. உனக்கு ஆர் மறிக்கிறது?”

“அது பத்தாதுண்ணே.”

“ஏன் பத்தாது?”

“பத்தாது.”

முத்திரை குத்த இடம் வேண்டுமாக்கும், ஊரில் போய்க் காட்டுவதற்கு. கிறிஸ்தோப்பருக்குச் சிரிப்பு வந்தது.

“அப்ப பொலிசிலை போய்ச் சொல்லன்.”

“ஐயையோ, அதெல்லாம் வேணாம்ணே!”

கோழை. ஒரு வாரம் ஊர் சுற்றாவிட்டால் செத்துவிட மாட்டான். கிறிஸ்தோப்பர் சட்டையை மாட்டிக்கொண்டு வேலைக்குப் போனார். சனிக்கிழமை காலை திரும்பி வந்தபோதும் சுப்ராயன் உடுப்பு மாற்றாமல் கட்டில் விளிம்பிலேயே உட்கார்ந்திருந்தான். மெத்தை இன்னும் புரட்டியபடியே கிடந்தது. கிறிஸ்தோப்பர் நிம்மதியாகத் தூங்கினார்.

பிற்பகல் மூன்று மணிக்குக் கீழே பலசரக்குக் கடை ஞானசுந்தரம் படிக்கட்டில் நின்று கத்தினார். “கிறிஸ்தோப்பர்! உம்முடைய தம்பி ஃபோனிலை!”

நல்ல செய்தியைத் தானே முதலில் சொல்லிவிட வேண்டும் என்று கிறிஸ்தோப்பர் ஓட்டமாக இறங்கினார்.

“தம்பி, ஒண்டுக்கும் பயப்பிடாதை. செவ்வாய்க்கிழமை உனக்கொரு தபால் வரும். உள்ளுக்கை பாஸ்போட் இருக்கு.”

“செவ்வாயோ? திங்கள் காலமை என்னைக் கொழும்புக்கு ஏத்தப் போறாங்கள் அண்ணை! வியாழக்கிழமைதான் கடிதம் தந்தவங்கள்.”



“விசரா! அதை ஏன்ரா எனக்குச் சொல்லேல்லை?”

“ஒருத்தருக்கும் மூச்சு விடக்கூடாதெண்டு ஆக்களை எல்லை தாண்ட அனுப்புற ஏஜென்ட் சொன்னவர். இண்டைக்கு இரவே உங்களுக்கு முன்னாலை வந்து நிக்கலாமெண்டு இருந்தன். விடிய ஆறு மணியிலையிருந்து கொலோன் ஸ்டேஷனிலை காவல் நிக்கிறன்.”

“ஆருக்காக?”

“கிழமைக்கு ஒருக்கா பாரிசிலையிருந்து ஒவ்வொரு ஊருக்கா ஒரு பாண்டிச்சேரிப் பொடியன் வாறவன் அண்ணை, தன்ரை பாஸ்போட்டை எங்களிலை ஒருத்தனிட்டைக் குடுத்து ரயில் ஏத்திவிட்டு, தான் அடையாள அட்டையைக் காட்டித் திரும்பிப் போறவன், இண்டைக்கு என்ரை முறை, ஆளை இன்னும் காணேல்லை.”